கல்லைப் படித்தவர்கள், அவர்களைப் படித்தவர்கள்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு ரவிதாசனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆந்தை போலக் கத்தி ஆட்களைக் கூப்பிடுகிற மந்திரவாதி. ஆனால் கல்கி அவனைக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ரவிதாசன் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே அவன் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம் பெற்ற அதிகாரி. கூடவே சோமன், பரமேசுவரன் என்ற பெயர்களும் உண்டு. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் இவர்கள், இவர்களுடைய சொத்தும் உற்றார் உறவினர் சொத்தும் பறிமுதல் என்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையின் செய்தி அந்தக் கல்லில் இருக்கிறது.

கோயில் சுவரில் கிடந்த பெயர் நாவலாசிரியரின் மேஜைவரை வந்து சேர்ந்தது எப்படி? நடுவில் சிலர் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் சென்னையில், கடற்கரையைப் பார்த்தபடி இருக்கும் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாற்றுத் துறையில் இருந்தார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய கதை இல்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பேசலாம்.

வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ வரலாறு படிக்கப் போகிறேன் என்றால், "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்ற கேள்வி உடனே வரும். துறைகள்கூட இதே கேள்விக்குப் பயந்துதான் விழா மலர்களில் பட்டியல் போடுகின்றன: இத்தனை பேர் துணைவேந்தர், இத்தனை பேர் ஐ.ஏ.எஸ்., இன்னாருக்குப் பத்ம விருது. அவையெல்லாம் பெருமைதான். ஆனால் ஒரு வரலாற்றுத் துறையின் சாதனையை அளக்க எனக்கு வேறு அளவுகோல் உண்டு. அங்கே ஒருவர் செய்துவைத்த வேலையின் மேல் அடுத்தவர் ஏறி நிற்க முடிந்ததா? ஏறி நின்று, முன்னவர் சொன்னது தவறு என்று சொல்லவும் முடிந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் என்று பதில் சொல்லக்கூடிய துறை இது என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. தொடங்கியதே தவிர, பல பத்தாண்டுகளுக்கு அது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடமாகத்தான் இருந்தது. பாடம் நடந்ததெல்லாம் கல்லூரிகளில். பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்து ஆராய்ச்சி செய்விக்க வேண்டும் என்ற எண்ணம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வலுப்பெற்றது. அப்படி 1914-இல் இந்திய வரலாறு, தொல்லியல் இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவி உருவானது. அதில் முதலில் அமர்ந்தவர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சாக்கோட்டைக்காரர். அதற்கு முன் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் ஆசிரியராக இருந்தவர்.

அவர் வந்தபோது கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1886-இலிருந்து ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக இருந்து கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பிக்கும் வேலையைத் தொடங்கி வைத்திருந்தார். வெங்கையாவும் கிருஷ்ண சாஸ்திரியும் அதைத் தொடர்ந்தார்கள். விஜயநகரத்துக்கு ராபர்ட் சிவெல் 1900-இல் எழுதிய நூல் இருந்தது. நல்ல நூல். ஆனால் அதன் முதுகெலும்பு போர்ச்சுகீசியப் பயணிகளின் குறிப்புகளும் பாரசீக வரலாறும்தான். பயஸ் என்ன பார்த்தார், நூனிஸ் என்ன கேள்விப்பட்டார் என்பது தெரியும். அந்த அரசில் வாழ்ந்தவர்கள் தங்களைப் பற்றித் தங்கள் மொழியில் என்ன எழுதி வைத்தார்கள் என்பது அதில் குறைவு.

ஐயங்கார் அந்தக் குறையை நிரப்ப எடுத்துக்கொண்ட வழிதான் இந்தத் துறையின் குணத்தையே தீர்மானித்தது என்று நினைக்கிறேன். தன் பெயரில் ஒரு பெரிய வரலாற்று நூலை எழுதி சிவெலை மிஞ்ச அவர் அவசரப்படவில்லை. 1919-இல் விஜயநகர வரலாற்றுக்கான சான்றுகளை மட்டும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் ஆகிய மொழி நூல்களிலிருந்து வரலாற்றுக்கு உதவும் பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிச் சேர்த்தார். தன் கணவன் குமார கம்பணன் மதுரை சுல்தான்களை வென்றதைக் கங்காதேவி என்ற அரசி பாடிய 'மதுராவிஜயம்' அதில் இடம்பெற்றது. வாசிக்கச் சுவையான புத்தகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு விஜயநகரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த எவரும் அதைத் திறக்காமல் எழுத முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவெல் 1925-இல் காலமானார். தென்னிந்தியக் கல்வெட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிய அவருடைய கடைசி உழைப்பு கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. எவருடைய நூலில் இருந்த குறையை ஐயங்கார் நிரப்பினாரோ, அவருடைய அந்தப் பிரதியை ஐயங்காரே சரிபார்த்துப் பதிப்பித்தார். 1932-இல் பல்கலைக்கழக வெளியீடாக அது வந்தது. ஆராய்ச்சியில் நாகரிகம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

மாணவர்களிடமும் இதே போக்கு. சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர்களை எடுத்துக்கொண்டார், அவருடைய நூல் 1924-இல் வந்தது. கோபாலன் காஞ்சிப் பல்லவர்களை எடுத்துக்கொண்டார், 1928-இல் வந்தது. இரண்டையும் பேராசிரியரே பதிப்பித்தார். நாயக்கர் காலத்தைப் பற்றி இன்று ஆராய்கிறவர்களும் சத்தியநாத ஐயரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார்.

1929-இல் ஐயங்கார் ஓய்வு பெற, அந்த நாற்காலிக்கு நீலகண்ட சாஸ்திரி வந்தார். 1892-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். திருநெல்வேலி, காசி, சிதம்பரம் என்று கற்பித்துவிட்டு வந்தார். வந்த ஆண்டே பாண்டியர் பற்றிய நூல் வெளியானது. 1935-இல் சோழர் வரலாற்றின் முதல் தொகுதி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அடுத்தது. 1946 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1957-இல் பத்மபூஷண் கிடைத்தது. அந்த ஆண்டு முதல் 1972 வரை, யுனெஸ்கோ ஆதரவில் சென்னையில் இயங்கிய மரபுப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். விருதையும் பதவியையும் விட்டுவிட்டு, அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சோழர் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. இத்தனை என்று அதில் இருக்காது. அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று இருக்கும். சரி, எந்த அரசன்? பல கல்வெட்டுகளில் இயற்பெயரே இருக்காது. இராசகேசரி என்றோ பரகேசரி என்றோ ஒரு பட்டம் மட்டும் இருக்கும். இந்த இரண்டு பட்டங்களையும் சோழர்கள் ஒருவர் விட்டு ஒருவராக மாறி மாறிச் சூடினார்கள். விசயாலயன் பரகேசரி, அவன் மகன் ஆதித்தன் இராசகேசரி, அவன் மகன் பராந்தகன் பரகேசரி என்று போகும். ஆக, "பரகேசரிக்கு 12-ஆவது ஆண்டு" என்றால் அது மூன்று நான்கு அரசர்களில் எவராகவும் இருக்கலாம். எழுத்து எந்தக் காலத்து வடிவம், கூடவே வரும் அதிகாரி வேறு எந்தக் கல்வெட்டில் வருகிறான், நாளும் நட்சத்திரமும் கொடுத்திருந்தால் வானியல் கணக்கு என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆளை நிறுத்த வேண்டும். இராசராசன் அரியணை ஏறியது 985-ஆம் ஆண்டு ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவும் கீல்ஹார்ன் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளில் இருந்த நாள் நட்சத்திரக் குறிப்புகளைக் கணக்கிட்டுச் சொன்னதுதான்.

இப்போது உடையார்குடிக் கல்லை இந்தக் கண்ணோடு பாருங்கள். கல்வெட்டுத் துறை படியெடுத்த வரிசையில் அது 1920-ஆம் ஆண்டின் 577-ஆம் எண். அதிலும் இராசராசன் என்ற பெயர் இல்லை. "இராசகேசரி, ஆண்டு 2" என்றுதான் இருக்கிறது. கொல்லப்பட்ட ஆதித்த கரிகாலனின் தந்தை சுந்தர சோழனும் இராசகேசரிதான். ஆனால் அவனுடைய இரண்டாம் ஆட்சியாண்டில் மகன் உயிரோடு இருந்தான். கொலை நடந்த பிறகு ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. அவனுக்கு அடுத்த இராசகேசரி, கரிகாலனின் தம்பி இராசராசன். ஆகவே இந்த ஆணை 986 அல்லது 987-இல் வந்திருக்க வேண்டும். கொலை நடந்து ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்குப் பிறகு.

சாஸ்திரி இந்த இடைவெளியில்தான் நின்றார். அத்தனை ஆண்டும் உத்தமன் ஏன் கொலைகாரர்களைத் தண்டிக்கவில்லை? அரியணைக்காக அவனே இந்தச் சதியில் பங்கு கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 'பிற்காலச் சோழர் வரலாறு' எழுதிய சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. மறுப்பவர்கள் பக்கம் வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் உயர்ந்த பதவியில் இருந்தான். அண்ணனைக் கொன்றவனின் மகனுக்கு அந்தப் பதவியை எந்தத் தம்பி கொடுப்பான்? வேறொன்றும் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு, சபையிடமிருந்து துரோகிகளின் நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு எழுதி வைத்ததைச் சொல்கிறது. பறிமுதல் முதலில் எப்போது நடந்தது, விற்பனை எப்போது நடந்தது என்பதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டாமா?

எனக்கு சாஸ்திரியின் முடிவு அவசரமானதாகவே படுகிறது. ஆனால் அவருடைய முடிவை மறுக்க நாம் பயன்படுத்தும் சான்றுகளில் பெரும்பகுதியை அவரே அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறார். எந்தக் கல்வெட்டு, எந்த எண், எந்த ஊர் என்று ஒன்றுவிடாமல். தன்னோடு சண்டை போட வருகிறவனுக்கு ஆயுதத்தையும் தானே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். கல்கி தன் நாவலை எழுத சாஸ்திரி, பண்டாரத்தார் இருவருடைய ஆராய்ச்சியும் தேவைப்பட்டது.

சாஸ்திரியின் மாணவர்களில் ஒருவரைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன். அவரைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கடாம்பி மீனாட்சி, 1905-இல் பிறந்தவர். 1936-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பல்லவர் கால ஆட்சிமுறையையும் சமூக வாழ்க்கையையும் பற்றிய அவருடைய ஆய்வு 1938-இல் நூலாக வந்தது. 1940-இல், 34 வயதில் இறந்துவிட்டார்.

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? பல்லவர் காலத்துப் பரமேசுவர விண்ணகரம். கருவறையைச் சுற்றி, சிங்கத்தூண்கள் தாங்கும் ஒரு திருச்சுற்று மண்டபம் ஓடும். அதன் உட்சுவரில் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் சிற்பங்கள். மணற்கல் என்பதால் பல இடங்களில் முகம் தேய்ந்து போயிருக்கும். போகிறவர்கள் ஏதோ புராணக் கதை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். மீனாட்சி அங்கே நின்று பலகை பலகையாகப் படித்தார். அது ஒரு வம்சத்தின் கதை. பிரம்மாவில் தொடங்கி, பரத்துவாசர், அசுவத்தாமன் வழியாகப் பல்லவ அரசர்களுக்கு வந்து, ஒவ்வொருவருடைய முடிசூட்டும் போரும் வரிசையாக நடக்கிறது.

கதை சூடுபிடிக்கிற இடத்தில் சிற்பங்களுக்கு எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்து போகிறான். காஞ்சியின் பெரியவர்களும், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் கிளம்பி, பல்லவரில் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் அரசன் ஒருவன் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் தன் மகன்களைக் கூப்பிட்டு யார் போகிறீர்கள் என்கிறான். மூன்று பேர் மறுத்துவிடுகிறார்கள். நான்காவது மகன் பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான். அவனுக்கு வயது 12. அப்பாவுக்கு அனுப்ப மனமில்லை. பிறகு அந்தப் பையன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வருவதும், வரவேற்பும், நந்திவர்மனாக முடிசூடுவதும் சிற்பமாகத் தொடர்கின்றன. பிற்பாடு அவன் கட்டிய கோயில்தான் இது. நேர் வாரிசு அல்லாத ஓர் அரசன், தன் உரிமையைக் கல்லில் எழுதியும் செதுக்கியும் வைத்திருக்கிறான்.

எழுத்து இருக்கிற சிற்பத்தைப் படிப்பது ஒரு திறமை. எழுத்தே இல்லாத நீண்ட வரிசையை, செப்பேடுகளில் வரும் வம்சாவளியோடு ஒப்பிட்டு, இவன் இன்னார், இது இன்ன போர் என்று நிறுத்துவது வேறு துணிச்சல். மீனாட்சி அதைச் செய்தார். அந்த ஆய்வு அவர் இறந்த பிறகு, 1941-இல், இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. சில இடங்களில் அவர் சொன்ன அடையாளம் சரியா என்று விவாதம் உண்டு. ஆனால் அந்தக் கோயிலுக்குள் நுழைகிற எந்த ஆய்வாளருக்கும் வழிகாட்டி இன்றும் அவர்தான். இன்னும் 30 ஆண்டு அவர் இருந்திருந்தால் தமிழ்நாட்டுக் கலை வரலாறு எங்கே போயிருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்தப் புத்தகத்தை மூட முடிவதில்லை.

அதே 1930-களில் அந்தத் துறையில் ஒரு வேகம் இருந்தது. இராமச்சந்திர தீட்சிதர் மௌரியர் ஆட்சிமுறை பற்றி எழுதினார், சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வெங்கடரமணய்யா விஜயநகரத்தை எடுத்துக்கொண்டார். ஐயங்கார் 1919-இல் தொடங்கிய சான்றுத் தொகுப்பை சாஸ்திரியும் வெங்கடரமணய்யாவும் சேர்ந்து 1946-இல் மூன்று தொகுதிகளாக வளர்த்தார்கள். அப்பாதுரை 1936-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் அரசர்களை ஓரமாக வைத்துவிட்டு, கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவில் நிலம், கூலி, விலை, வட்டி, வணிகம் எப்படி இருந்தன என்று கேட்டது. அந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டது பெரிய விஷயம். அவர் பிறகு வரலாற்றை விட்டு உலக அரசியல் பக்கம் போனார். 1955-இல் டில்லியில் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளியின் முதல் இயக்குநர் அவரே. அந்தப் பள்ளிதான் பிற்பாடு ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு துறையின் கவனம் இரண்டு பக்கம் பிரிந்தது. ஒரு பக்கம் கே. கே. பிள்ளை. குமரி மாவட்டத்துக்காரர். சுசீந்திரம் கோயிலைப் பற்றி அவர் 1953-இல் வெளியிட்ட நூலில் கோயில் என்பது கோபுரமும் சிற்பமும் மட்டுமாக இல்லை. கோயிலை நிர்வகித்த யோகக்காரர்கள் யார், அவர்களுக்கும் அரசனுக்கும் என்ன வழக்கு, கொதிக்கும் நெய்யில் கைவிட்டுக் குற்றமற்றவன் என்று நிரூபிக்கச் சொன்ன கைமுக்கு வழக்கம் எப்படி நடந்தது என்று ஊர் வாழ்க்கையே அதில் விரிகிறது. 1972-இல் அவர் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' நூலைத் தமிழிலேயே எழுதினார். அதுவரை இந்தத் துறையின் சாதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருந்தன என்பதை நினைத்தால் அந்தப் புத்தகத்தின் அருமை தெரியும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சாஸ்திரியின் சோழர் நூல் தமிழுக்கு வர 1980-களின் கடைசி ஆனது. முதல் தொகுதி வந்து 50 ஆண்டுக்கும் மேல். தமிழர்களின் வரலாறு தமிழர்களுக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு பக்கம் டி. வி. மகாலிங்கம். விஜயநகர ஆட்சிமுறை, பொருளாதாரம் என்று புத்தகங்களில் தொடங்கியவர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மண்ணைத் தோண்டப் போனார். 1962 முதல் 1964 வரை காவிரிக் கரையில் திருக்காம்புலியூரிலும் அழகரையிலும் அகழாய்வு. அதன் பின் சங்கச் சோழர் தலைநகரான உறையூர். ரோமாபுரியோடு நடந்த வணிகத்தைக் காட்டும் பானை ஓடுகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் கட்டுமானமும் அங்கே கிடைத்தன. பழைய கிரேக்கக் குறிப்பில் உறையூர்த் துணி பேசப்படுவதை நினைத்துக்கொண்டு அந்தத் தொட்டியைப் பார்க்க வேண்டும். இந்த அகழாய்வின் அறிக்கையை அவர் வழியில் வந்த கே. வி. ராமன் 1988-இல் வெளியிட்டார். இன்று கீழடி பற்றி நாம் ஊர்கூடிப் பேசுகிறோம். ஒரு பல்கலைக்கழகத் துறை தன் மாணவர்களோடு மண்ணில் இறங்கிய அந்த 1960-களையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

இனி மறுப்புக்கு வருவோம். சாஸ்திரி வரைந்த சோழப் பேரரசு, வலுவான மைய அரசும் கட்டுக்கோப்பான அதிகாரிகள் வரிசையும் கொண்டது. கீழே தன்னாட்சி உள்ள கிராம சபைகள். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் இதை அடியோடு மறுத்தார். சோழ அரசனுக்குக் காவிரிச் சமவெளிக்கு வெளியே சடங்குத் தலைமைதான் இருந்தது, உண்மையான அதிகாரம் 'நாடு' எனப்பட்ட வட்டாரங்களில் இருந்த வேளாண் தலைவர்களிடம் இருந்தது என்றார். இந்த வாதத்துக்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர், இதே மெட்ராஸ் துறையில் 1959 முதல் 1972 வரை கற்பித்துவிட்டு ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் போன ஆர். சம்பகலட்சுமி.

அவர் சாஸ்திரியைக் காப்பாற்றவும் இல்லை, ஸ்டைனை அப்படியே ஏற்கவும் இல்லை. நகரங்களைப் பார்த்தார். குடமூக்கும் பழையாறையும் சேர்ந்த இரட்டை நகரத்தை, அதாவது இன்றைய கும்பகோணத்தையும் அதன் பக்கத்து ஊரையும், 1979-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அரண்மனை ஒரு பக்கம், கோயில்கள் ஒரு பக்கம், வெற்றிலை பாக்கு விளைச்சலும் உலோகத் தொழிலும் நெசவும் வணிகர் நகரமும் ஒரு பக்கம். ஒரு நகரம் எப்படி வளர்கிறது என்று கல்வெட்டிலிருந்தே காட்டினார். வணிகம், சமயக் கருத்து, நகர வளர்ச்சி மூன்றையும் பிணைத்த அவருடைய பெரிய நூல் 1996-இல் வந்தது. 2024 ஜனவரியில் அவர் மறைந்தார்.

ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டு கற்ற நொபொரு கராஷிமா வேறொரு வழியில் போனார். அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டே இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை வரிவரியாக எடுத்து, நிலம் யார் கையில், தனியாளிடமா ஊர்ப் பொதுவிலா என்று கேட்டார். பிராமணர் ஊரில் தனியுடைமை, வெள்ளாளர் ஊரில் பொதுவுடைமை என்ற வேறுபாடு தெரிந்தது. பிறகு அவரும் எ. சுப்பராயலுவும் மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு எல்லாம் ஓர் அகராதி போட்டார்கள், 1978-இல். சாஸ்திரி நல்ல சான்று என்று தேர்ந்தெடுத்ததைக் காட்டினார். இவர்கள் எல்லாச் சான்றையும் எண்ணிக் காட்டினார்கள். முறை மாறியதால் விடையும் மாறியது.

சாஸ்திரி காலத்து நூல்களில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சபையில் உட்கார்ந்தவர்கள் அவற்றில் நிறைய வருகிறார்கள். பறைச்சேரி எங்கே இருந்தது, தீண்டாச்சேரி எங்கே இருந்தது என்பதும் அதே கல்வெட்டுகளில், இராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. அந்த வரிகளைக் கடந்துபோனவர்கள் அதிகம், நின்று படித்தவர்கள் குறைவு. எழுதியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அந்தத் தெருக்களுக்கு வெளியிலிருந்து பிள்ளைகள் வரலாற்று வகுப்புக்கு வந்தால்தான் விட்டுப்போன வரிகள் படிக்கப்படும். "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாக, வேலைக்கு உதவும் ஒன்று. மகாலிங்கம் தன் வாழ்நாளின் பெரிய உழைப்பாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளுக்கு இடவாரிப் பட்டியல் ஒன்று தயாரித்தார். இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 1985 முதல் அதை ஒன்பது தொகுதிகளாக வெளியிட்டது. மாவட்டம், வட்டம், ஊர் என்று வரிசை. உங்கள் ஊர்ப் பெயரைப் பிடித்துவிட்டால், அங்கே எந்தக் கோயிலில், எந்தச் சுவரில், எந்த அரசன் காலத்துக் கல்வெட்டு, எந்த ஆண்டு, என்ன செய்தி என்று சில வரிகளில் சொல்லும். பெரிய நூலகங்களில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் இருப்பது சுருக்கம் மட்டுமே. முழு வாசகம் வேண்டுமென்றால் அந்தக் குறிப்பில் இருக்கும் ஆண்டையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் தேட வேண்டும். பலவற்றுக்கு முழு வாசகம் இன்னும் அச்சாகவே இல்லை, மைப்படிகளாகத்தான் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கல்வெட்டு அப்படிப்பட்டது என்று தெரிந்தால், கோயில் சுவரில் அது இப்போதும் இருக்கிறதா, திருப்பணியில் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார்களா என்பதை முதலில் போய்ப் பாருங்கள்.